வீட்டுக்கு எப்போது சொல்வது?

(வல்லத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரி மாணவர் ஒருவரைப் பற்றிக் கல்லூரிக்குத் தெரியவரும் செய்தியை அவருடைய பெற்றோருக்கு எப்போது சொல்லலாம், எப்போது சொல்லியே ஆகவேண்டும், எப்போது சொல்லக்கூடாது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். அரசுக் கல்லூரிகளில் பணிக்காலத்தைக் கழித்தவன், அதில் பல ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்தவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த நிமிடமே சொல்லவேண்டும். மற்ற எதுவானாலும் முதலில் மாணவரைக் கேட்கவேண்டும். நம் கல்லூரிகளில் நடப்பது இதற்குத் தலைகீழாக இருக்கிறது. அட்டெண்டன்ஸ் குறைந்தால் உடனே வீட்டுக்குப் போன் போகிறது. பிள்ளை மூன்று வாரமாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் யாரும் கவனிப்பதில்லை.

இந்தத் தலைப்பை வல்லத்தில் பேச விரும்பியதற்குக் காரணம் உண்டு. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட இந்த ஊர்களிலிருந்து காலைப் பேருந்தில் கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைகளில் ஏராளமானோர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். அவர்கள் வீட்டில் கல்லூரி என்பது என்னவென்று தெரிந்தவர் யாரும் இல்லை. கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தால் அது காவல் நிலையத்திலிருந்து வந்த போனைப் போலத்தான் அந்த வீட்டில் கேட்கும்.

சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோர் கைபேசி எண்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த எண்களை அழைத்துப் பழகியவன் நான். பல நேரம் எடுப்பவர் அப்பாவாக இருக்கமாட்டார். அண்ணன் எடுப்பார், சித்தப்பா எடுப்பார், எதிர்வீட்டுக்காரர் எடுப்பார், ஒருமுறை ஊர் மளிகைக்கடைக்காரர் எடுத்தார். அப்பா சென்னையிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில் இருப்பார். அம்மா கழனியில் இருப்பார். அவரிடம் போன் இருந்தாலும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். “உங்க பொண்ணு மூணு நாளா காலேஜுக்கு வரலை” என்று நாம் சொன்னால், அம்மாவின் காதுக்குப் போகுமுன் அது தெருவுக்குப் போய்விடும். இப்போது பல கல்லூரிகளில் மென்பொருளே தானாகக் குறுஞ்செய்தி அனுப்பிவிடுகிறது. முதல் பீரியடுக்கு வரவில்லையென்றால் பத்து மணிக்குள் ஆங்கிலத்தில் ஒரு வரி. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அண்ணன் மட்டும்தான். பெற்றோருக்குச் சொல்லிவிட்டோம் என்று கல்லூரி பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. உண்மையில் யாருக்குச் சொன்னோம் என்பது நமக்கே தெரியாது.

அடுத்தது, ‘பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வா’. இதை நான் எத்தனையோ முறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துவைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி ஓர் அப்பா வருவார். துறைத்தலைவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பார். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். “சார், புள்ள நல்லாத்தானே படிக்குது?” என்று கேட்பார். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் வாசிக்கப்படும்: இத்தனை நாள் லீவு, இத்தனை அரியர், கேன்டீனில் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தது. மகள் தரையைப் பார்த்தபடி நிற்பாள். அப்படி நின்ற ஒரு மாணவி அடுத்த மாதம் வகுப்பில் இல்லை. ஆவணியில் கல்யாணம் என்று தோழிகள் சொன்னார்கள். பட்டியலில் கேன்டீன் விஷயத்தைச் சேர்த்தவர் கெட்டவர் அல்ல. பெண்ணின் நன்மைக்குத்தான் சொல்கிறோம் என்று நம்பியவர். அவருடைய ஒரு வாக்கியத்தால் ஒரு பட்டப்படிப்பு நின்றுபோனது.

சட்டம் என்ன சொல்கிறது? 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் முழு மனிதர். பிளஸ் டூ முடித்து ஜூன் மாதம் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் 17 வயது. முதலாண்டின் நடுவில் ஒருநாள் 18 நிறைகிறது. அதுவரை பெற்றோர் கையில் இருந்த சம்மதம் அன்றைக்கு மாணவரின் கைக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தை ஒரு பதிவேட்டில்கூட நம் கல்லூரிகள் குறிப்பதில்லை. மூன்றாமாண்டு படிக்கும் இருபது வயது மாணவியும் நமக்குப் ‘பிள்ளை’தான்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவுக்குத்தான் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. அதற்கு மேற்பட்டவரின் சம்மதம் அவருடையது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர ஒன்றரை ஆண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் விடுதி கேமராப் பதிவையும் கணினியில் வைத்திருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் இந்த அவகாசத்துக்குள் யோசித்தாகவேண்டும்.

விடுதி என்றதும் எனக்கு ஃபஹீமா ஷிரின் நினைவுக்கு வருகிறார். கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் பி.ஏ. ஆங்கிலம் படித்த மாணவி. மாலை 6 முதல் இரவு 10 மணிவரை கைபேசியை ஒப்படைக்கவேண்டும் என்ற விடுதி விதிக்கு அவர் உடன்படவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவருடைய தந்தை மகளின் பக்கம் நின்றார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா, மாணவியை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்; இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றும், 18 வயது கடந்தவர் எப்படிப் படிப்பது என்பதைத் தானே முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். இந்த வழக்கில் என்னைத் தொட்டது அந்தத் தந்தைதான். மற்ற பெற்றோர் ஒப்புக்கொண்டதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ‘பெற்றோர் விருப்பம்’ என்று நாம் ஒற்றைச் சொல்லில் பேசுவதற்குள் எத்தனை விதமான பெற்றோர் இருக்கிறார்கள்!

நம் நாட்டு விதிமுறைகளும் குழப்பமானவை என்பதைச் சொல்லியாக வேண்டும். மாணவர் பாதுகாப்புக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் தந்த வழிகாட்டுதல்கள், 25 மாணவருக்கு ஓர் ஆசிரிய ஆலோசகர் வேண்டும் என்கின்றன. நல்லது. அதே ஆவணம், அந்த ஆலோசகர் விடுதிக் காப்பாளரோடு மாணவரின் தனிப்பட்ட விவரங்களையும் நடத்தையையும் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறது. மாணவர் மனம் திறந்து பேசியது அன்று மாலையே விடுதி அலுவலகத்தில் பேசப்படும் என்றால், மறுநாள் அவர் வாய் திறப்பாரா?

இங்கே பெற்றோர் சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ‘பெத்து வளத்தது நாங்க, பீஸ் கட்டுறது நாங்க, எங்க புள்ளையப் பத்தி எங்களுக்குத் தெரியக்கூடாதா?’ இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். வட்டிக்குக் கடன் வாங்கி, கம்மலை அடகு வைத்துப் படிக்க வைப்பவருக்கு, மகன் தேர்வு எழுதினானா என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? அதற்கு வழி மகனைக் கேட்பது. கல்லூரி அந்தப் பேச்சு நடக்க உதவலாம், அதன் இடத்தைத் தான் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் ஒரு செய்தி மட்டும் பெற்றோருக்கு நிபந்தனையில்லாமல் உரியது. பிள்ளை உயிரோடு இருக்கிறானா, பத்திரமாக இருக்கிறானா என்பதே அது. அதைத் தவறவிட்ட கதையும் நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

1996 நவம்பர். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். தீபாவளி சமயம். 6-ஆம் தேதி வீட்டுக்கு வரவேண்டிய மகன் வரவில்லை. தந்தையே தேடிக்கொண்டு சிதம்பரம் வந்து, 10-ஆம் தேதி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சீனியர் மாணவர் ஜான் டேவிட் செய்த கொலை. கடலூர் நீதிமன்றம் 1998-இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. உயர்நீதிமன்றம் 2001-இல் விடுவித்தது. உச்சநீதிமன்றம் 2011 ஏப்ரலில் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. அந்த ராகிங் கொடுமையை அடுத்துத்தான் 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதில் பெற்றோரும் புகார் கொடுக்கலாம் என்று எழுதிவைத்தார்கள். விடுதியில் ஒரு மாணவர் இல்லை என்பதை விடுதி கண்டுகொள்ளாமல், ஊரிலிருந்து வந்த தகப்பன் கண்டுபிடிக்கும் நிலை எந்த அந்தரங்க உரிமையாலும் நியாயமாகாது. இரவு வருகைக் கணக்கில் ஒரு பிள்ளை குறைந்தால், தோழர்களைக் கேட்டுவிட்டு, அன்றிரவே வீட்டுக்குப் பேசவேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அதே கடலூர் மாவட்டத்திலிருந்து இன்னொன்றையும் சொல்லவேண்டும். சொல்லச் சங்கடமானது. விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் வேதிப்பொறியியல் பட்டதாரி, தலித். கண்ணகி வணிகவியல் படித்தவர், வன்னியர். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வீட்டுக்குச் சொல்லாமல் இருந்தார்கள். கண்ணகியை அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் முருகேசன் தங்கவைத்தார். பெண் வீட்டாருக்குத் தெரிந்தது. முருகேசனின் உறவினரை வதைத்து அவர்கள் இருக்குமிடத்தைக் கேட்டறிந்தார்கள். ஜூலையில் இருவரையும் ஊருக்குக் கொண்டுவந்து, காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து 2021-இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தது. அவர்கள் அப்போது கல்லூரி மாணவர்கள் அல்ல. ஆனால் ஒரு முகவரி வீட்டாருக்குத் தெரிவது எப்படி முடியலாம் என்பதற்கு இந்த வட்டாரத்தில் வேறு சான்று தேவையில்லை. நம் பகுதியில் ஒரு துறைத்தலைவர் போனை எடுத்து, ‘உங்க பொண்ணு இன்னார் மகனோட சுத்துது’ என்று சொல்லும்போது, சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்லிவிடுகிறார். காதல், திருமணம், மதம், நட்பு, உடுத்தும் உடை ஆகியவை பற்றி வயதுவந்த மாணவரின் வீட்டுக்குக் கல்லூரி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. மாணவரே தன் வீட்டாரால் ஆபத்து என்று சொன்னால், கல்லூரியிடம் கொடுத்த விடுதி முகவரியும் தேர்வு அட்டவணையும்கூட அவர் கேட்டுக்கொண்டால் மறைக்கப்பட வேண்டியவை. 181 பெண்கள் உதவி எண்ணை அவருக்குக் காட்டுவதும் காவல்துறைப் பாதுகாப்புக்கு மனு எழுத உதவுவதும் அப்போது கல்லூரியின் வேலை.

உடல்நலச் செய்தியையும் இங்கேயே சேர்க்கிறேன். 18 வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்கு அவருடைய சம்மதம் மட்டுமே போதும் என்று 1971-இன் சட்டம் சொல்கிறது. மருத்துவர் அதை வெளியே சொல்லக்கூடாது. விடுதிக் காப்பாளருக்கு இந்தச் செய்தி எப்படியோ தெரிந்துவிட்டால், அது அவர் வாயோடு நிற்கவேண்டும்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன்: மனநலம்.

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை ஒவ்வொரு கல்லூரி முதல்வரும் படிக்கவேண்டும். 14-ஆம் பிரிவு: வயதுவந்த எவரும் தனக்காக முடிவெடுக்க உதவும் ஒரு நியமனப் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுத்து எழுதிவைக்கலாம். அவர் அப்பாவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; அத்தையாகவும் இருக்கலாம், தோழியாகவும் இருக்கலாம். 23-ஆம் பிரிவு: சிகிச்சைச் செய்தி ரகசியம். உயிருக்கு ஆபத்தைத் தடுக்கவும், பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கவும் அதைச் சொல்லலாம். அப்போதும் தேவையான அளவுதான். இவை மனநல மருத்துவரையும் ஆலோசகரையும் கட்டுப்படுத்துபவை. ஆசிரியரும் இதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா வழக்கில் உச்சநீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கென்றே வழிகாட்டுதல்கள் தந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும். விடுதியில் எல்லோர் கண்ணிலும் படும்படி உதவி எண்களை எழுதிவைக்கவேண்டும். பெற்றோருக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தச் சொல்லியிருக்கிறது. உரிய சட்டமோ ஒழுங்குமுறையோ இயற்றப்படும்வரை இது நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும். டெலி மானஸ் எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் இதை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மனம் உடைந்த பிள்ளையைப் பற்றி வீட்டுக்குச் சொல்வதில் தவறு செய்வது எளிது. சொன்னால் சில வீடுகளில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். சில வீடுகளில் ‘கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்பார்கள். சொல்லாமல் இருந்தால் ஒரு வீடு தன் பிள்ளையைக் காப்பாற்றும் வாய்ப்பையே இழந்துவிடும். விடுதியில் நான் கற்ற முறை ஒன்று உண்டு. அதை இன்றும் நம்புகிறேன். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மாணவரைத் தனியே விடக்கூடாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மறைக்காமல் சொல்லவேண்டும்: “தம்பி, நான் இப்ப வீட்டுக்குப் பேசப் போறேன். யாருகிட்டப் பேசினா உனக்கு நல்லதுன்னு நீ சொல்லு.” கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அம்மா. சிலர் அக்கா புருஷன் என்பார்கள். ஒருவன் தன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைச் சொன்னான். அவர் ஒரு மணி நேரத்தில் டிவிஎஸ் ஐம்பதில் வந்து நின்றார். பிறகு அவரேதான் அவனுடைய வீட்டுக்குப் பேசினார். சொல்லவேண்டியதைத் தடுக்காமல், யார் வழியாகச் சொல்வது என்பதை மாணவர் கையில் கொடுத்தோம். அவனுடைய நம்பிக்கை முறியவில்லை.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018-இல் இப்படி ஒன்றைச் செய்தது. சில மாணவர்களின் மரணங்களுக்குப் பிறகு, கவலைக்குரிய நேரத்தில் நீங்கள் குறிப்பிடும் ஒருவரை நாங்கள் தொடர்புகொள்ளலாமா என்று சேரும்போதே கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சம்மதம் தந்தார்கள். பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து ஒளிய விரும்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. மரியாதையாகக் கேட்டால் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1974 முதலே கல்லூரிக்குள் நுழைந்ததும் கல்விப் பதிவின் உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது. உடல்நலத்துக்கும் உயிருக்கும் அவசரம் என்றால் சொல்லலாம் என்று விலக்கும் இருக்கிறது.

இவ்வளவும் பெற்றோர் விஷயம். காவல்துறையும் ஊடகமும் நுழைந்தால் இன்னும் மோசமாகும் என்பதைச் சென்னையில் பார்த்தோம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய அடையாளம் தெரியும் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து கைபேசிகளில் சுற்றியது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அவரிடம் கல்விக்கட்டணம் வாங்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தக் கசிவைக் கண்ட எத்தனை மாணவியர் இனி எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று முடிவெடுத்திருப்பார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு, மாணவியின் ஒப்புதல் இல்லாமல் அவர் வீட்டுக்குப் போன் செய்வதும் இதே வகைக் குற்றம்தான் என்று நான் கருதுகிறேன். புகார் கொடுத்த மறுநாள் ‘படிச்சது போதும், வீட்டுக்கு வா’ என்று அப்பா வந்து நின்றால், அங்கே தண்டிக்கப்பட்டவர் யார்?

இனி, செய்யக்கூடியது. வரும் ஜூனிலேயே தொடங்கலாம். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழில் ஒரே ஒரு பக்கப் படிவம். ‘எனக்கு அவசரம் என்றால் யாரை அழைக்கவேண்டும்? அவர் எனக்கு என்ன உறவு? அவருக்குத் தமிழில் சொல்லவேண்டுமா, தெலுங்கிலா, உருதுவிலா? யாரை அழைக்கவே கூடாது?’ கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. சேர்க்கை நாளில் இதைக் கொடுக்கக்கூடாது, அன்று பெற்றோர் பக்கத்தில் நிற்பார்கள். வகுப்புத் தொடங்கிய பிறகு, ஆசிரியர் ஒருவர் முன்னால், மாணவர் தன் கையால் எழுதவேண்டும். முதல்வர் அறைப் பீரோவில் அது பூட்டியிருக்கவேண்டும், மென்பொருளில் ஏற்றக்கூடாது. 17 வயதில் எழுதியதை 18 நிறைந்ததும் மாற்றி எழுத அழைக்கவேண்டும். அதன்பிறகும் ஒவ்வோர் ஆண்டும் கேட்கவேண்டும், ஏனென்றால் முதலாண்டில் எழுதிய மாமன் மூன்றாமாண்டில் பகையாகியிருக்கலாம். தானாகப் போகும் வருகைக் குறுஞ்செய்தியை நிறுத்திவிட்டு, அதே செய்தியை மாணவருக்கே அனுப்பலாம். இரண்டு முறை அனுப்பியும் வரவில்லையென்றால் ஆலோசக ஆசிரியர் அவரை நேரில் பார்க்கட்டும். பெற்றோரை வரவழைப்பதாக இருந்தால், எதற்காக என்பதையும் என்ன பேசப்போகிறோம் என்பதையும் முன்கூட்டி மாணவருக்குச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் வரவழைக்கலாம், அன்று அவர்களுக்குக் கூலி போகாது. வரும் அப்பாவுக்கு முதலில் ஒரு நாற்காலியும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுக்கவேண்டும்.

படிவத்தில் இரண்டு பெயருக்கு இடம் விடுங்கள். இரவு பதினோரு மணிக்கு முதல் ஆளின் போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.